அப்பாவின் பாத்தியும் மூன்று ஜன்னல்களும்

அன்று மாலை வீட்டின் பக்கவாட்டுச் சுவரருகே நின்றவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, என் தம்பி, என் தங்கை, தங்கையின் கணவர், எதிர் வரிசையில் பெயின்ட் கடை வைத்திருக்கும் மனிதர். கடைக்காரரை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். வீட்டில் ஒரு வேலை முடிந்தால் வெளியாள் ஒருவர் சாட்சிக்கு நிற்க வேண்டும் என்பது எங்கள் அப்பா வைத்த முறை. ஏழாவது ஆள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது தெருவில் பாதிப் பேர் எங்கள் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகப் பேசுகிறார்கள்.

எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளம் உண்டு. அதற்கு மூன்று ஜன்னல்கள். உள்ளே நின்றால் அவை தலைக்கு மேலே, கூரையை ஒட்டி இருக்கும். வெளியே வந்து பார்த்தால் கணுக்கால் உயரத்தில் இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே போகிறவர்களின் செருப்பு தெரியும், முகம் தெரியாது. அப்பா இருந்தவரை அங்கே பழைய சாமான்கள்தான் கிடந்தன.

அப்பா காலமான பிறகு அந்தச் சுவரை ஒட்டி அவர் பெயரில் ஒரு பூப்பாத்தி அமைத்தேன். கருங்கல்லில் அவர் பெயரைச் செதுக்கி நடுவில் நட்டேன். தெருவில் போகிறவர்கள் கண்ணில் அந்தப் பெயர் படவேண்டும் என்பதற்காக மண்ணை உயர்த்தினேன். நானும் தம்பியும் தங்கையும் கூடை கூடையாக மண் சுமந்தோம். ஜன்னல்களின் அடிச்சட்டத்துக்கு மேலே ஒரு கை அகலத்துக்கு மண் ஏறி நின்றது. சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அப்பாவின் பெயரை வாசிக்க முடிந்தது. எனக்கு வேண்டியது அதுதான்.

தங்கையின் கணவர் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவராக இருந்தார். கணீரென்ற குரல். நிர்வாகம் எல்லா ஊர்ப் பெயர்களையும் எல்லா எண்களையும் அவர் குரலிலேயே பதிவு செய்துகொண்டது. பதிவு முடிந்த கையோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இன்றைக்கும் அங்கே பஸ்களைக் கூப்பிடுவது அவர் குரல்தான். ஆனால் அவர் அதில் ஏற வேண்டுமென்றால் மற்றவர்களைப் போலச் சீட்டு எடுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். என் தம்பி அவரை ‘ரேடியோ’ என்று கூப்பிடுவான். நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வீட்டு மாப்பிள்ளைக்கு உரிய மரியாதையை நான் குறைத்ததே இல்லை.

வேலை போனதும் குடியிருப்பும் போனது. தங்கை வந்து வாசலில் நின்றாள். கீழ்த்தளத்தைக் காலி செய்து கொடுத்தேன். மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடந்தது உண்மைதான். அது விருந்தாளிகளுக்கு என்று வைத்திருப்பது.

“கீழ இருக்கறதுலயும் ஒரு வசதி இருக்கு ரேடியோ,” என்றான் தம்பி. “யார் வந்தாலும் செருப்ப வெச்சே கண்டுபிடிச்சிடலாம்.”

“கண்டுபிடிச்சிட்டேன் மச்சான். உங்க இடது செருப்பு ரொம்பத் தேஞ்சிருக்கு. ஒருபக்கமா சாஞ்சு நடக்கறீங்க, பாத்துக்கங்க.”

அந்த மனிதருக்கு எதையும் சிரிப்பாக்காமல் பேச வராது. வேலை போன அன்றுகூட ஏதோ சிரிப்பாகச் சொல்லிக்கொண்டுதான் வந்தார். எனக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்பதை அவரிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன்.

மழை வந்தது. கீழ்த்தளத்துச் சுவரில் ஜன்னல்களுக்குக் கீழே கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. தங்கைக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. அது திரும்பியது. அவள் மூச்சு வாங்கும் சத்தம் மாடிப்படியில் நின்றாலே கேட்கும். ஈரமில்லாத இடத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அதை என்னிடம் சொன்னவள் என் மனைவி.

“மேல ரூமைக் கேக்கறாளா?” என்றேன்.

“கேக்கல. டாக்டர் சொன்னதச் சொன்னா. நான் என்ன பண்ணட்டும், டாக்டரைப் போய் வாயை மூடச் சொல்லட்டுமா?”

கீழே இறங்கிப் பார்த்தோம். தம்பி எட்டி முதல் ஜன்னலின் அடிச்சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தினான். விரல் நகம் மறையும்வரை உள்ளே போயிற்று. பெயின்ட் மட்டும் மேலே தோலாக நின்றது. உள்ளே மரம் ஊறிய ரொட்டியாக இருந்தது. மற்ற இரண்டும் அப்படித்தான். பக்கச் சட்டங்களிலும் ஒரு முழத்துக்கு இற்றுப்போயிருந்தது.

“தச்சனைக் கூப்பிடலாம்,” என்றான் தம்பி.

“எதுக்கு?” என்றார் மாப்பிள்ளை. “நான் பண்றேன். சும்மா உக்காந்து சாப்பிடறதா ஊர்ல பேச்சு வேணாம். எங்கப்பா பெட்டிக்கடைக்குப் பெஞ்சு, அலமாரி எல்லாம் நான் அடிச்சதுதான்.”

“அந்தக் கடை இப்ப இருக்கா?” என்று கேட்டாள் என் மனைவி.

“கடை இல்லைங்கக்கா. பெஞ்சு இருக்கு.”

நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் எங்கள் வீட்டு முறையைச் சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். அப்பாவிடம் ஒரு குத்தூசி இருந்தது. வீட்டில் எந்த மர வேலை முடிந்தாலும் எல்லாரையும் நிற்க வைத்து, நினைத்த இடத்தில் அதை வைத்து அழுத்துவார். ஊசி இறங்கினால் முழுவதையும் பிடுங்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும். இறங்காவிட்டால் சாட்சியின் முன்னால் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான். அந்தக் குத்தூசி இப்போது என்னிடம் இருக்கிறது.

“ஊசி இறங்கலன்னா நீங்க ரெண்டு பேரும் இங்க எவ்வளவு காலம் வேணும்னாலும் இருக்கலாம்,” என்றேன். “நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இறங்கிச்சுன்னா, பெரிய மழைக்கு முன்னாடி வேற இடம் பாத்துக்கங்க.”

தங்கை படியில் உட்கார்ந்திருந்தாள். “அண்ணா, இவரு தச்சர் இல்ல,” என்றாள்.

“நான் தச்சு வேலை பண்ணச் சொல்லல. அவரா சொன்னாரு.”

“சொன்னேன்தான்,” என்றார் அவர். “நீ பேசாம இரு. உன் மூச்சைச் சேத்து வை.”

முதல் தடவை அவர் செய்தது ஏமாற்று வேலை. அழுகலை மேலோடு சுரண்டிவிட்டு, பள்ளத்தில் மக்குப் பசை அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்திருந்தார். கண்ணுக்குப் புதிது போலவே இருந்தது. முதல் ஜன்னல் முடிந்ததுமே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் குத்தூசியை வைத்தேன். பிடிவரை இறங்கியது.

“மாப்பிள்ளை, இது என்ன?”

“ஜன்னல் மச்சான்.”

“கேக்குன்னு நெனச்சேன்.”

என் மனைவி சிரித்தாள். அவரும் சிரித்தார். இறுதிப் பரிசோதனை இல்லை என்பதால் இன்னொரு தடவை செய்ய அனுமதித்தேன். ஆனால் மூன்று ஜன்னல்களையும் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றேன். கழற்றினார். வேலை முடியும்வரை அந்த ஓட்டைகளில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அவர்கள் கீழேயே படுத்தார்கள். நடுவில் ஒருநாள் காற்றடித்துத் தார்ப்பாய் கிழிந்துவிட்டது. அன்றைக்கு மாடி அறையைத் திறந்துவிடலாமா என்று தம்பி கேட்டான். ஒருநாள் திறந்தால் பிறகு பூட்ட முடியாது என்றேன். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை அவர் செய்ததைக் குறை சொல்ல முடியாது. அழுகலை நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்தார். வெட்டுவாயைச் சரிவாக இழைத்து, புதுக் கட்டையை அதன்மேல் படியவைத்து, பசை தடவி, அடியிலிருந்து திருகாணி ஏற்றினார். கட்டையின் முனைகள் உள்ளே மறையும் முன்பே அவற்றில் பிரைமர் பூசி ஊற வைத்தார். அடிச்சட்டத்தை வெளிப்பக்கம் சாய்த்து, தண்ணீர் உள்ளே திரும்பாமல் சொட்டிவிட அதன் அடியில் நீளமாக ஒரு பள்ளக் கோடு இழுத்தார். இவ்வளவையும் பெயின்ட் கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டும், கெடுத்துக் கெடுத்தும் கற்றார். கெடுத்த கட்டைகள் ஒரு குவியல் கிடந்தன. உளி சறுக்கி உள்ளங்கையில் வெட்டிக்கொண்டார். அதில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்தார். தங்கை விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மரத்தூள் ஏறி இருமுவாள். நீ மேலே போ என்பார். போக மாட்டாள்.

ஜன்னல்களைப் பொருத்திய பிறகு சில நாட்கள் நல்ல மழை. சுவர் காய்ந்தே இருந்தது. தங்கையின் மூச்சுச் சத்தம் படியில் கேட்பது நின்றுவிட்டது. அதை நானும் கவனித்தேன்.

அதற்குப் பிறகுதான் நான் எல்லாரையும் நிற்க வைத்த அந்த மாலை.

குத்தூசியோடு குனிந்தேன். அடிச்சட்டத்தை ஒட்டி மண் சற்று விலகியிருந்தது; வேலைக்காக ஒதுக்கியது, பிறகு தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். முதல் ஜன்னலில் ஆறேழு இடங்களில் அழுத்தினேன். இறங்கவில்லை. இரண்டாவதில் இணைப்பின் வாயிலேயே வைத்து அழுத்தினேன். நுனி வழுக்கியது. மூன்றாவதில் மூலையைத் தேடினேன்.

“மெதுவா மச்சான்,” என்றார் அவர். “ஊசி ஒடிஞ்சா அதுக்கும் நான்தான் பொறுப்பாவேன்.”

நான் நிமிர்ந்தேன். ‘சரி’ என்றேன். கடைக்காரர் தலையை ஆட்டினார். தங்கை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சொன்ன வார்த்தையை நான் காப்பாற்றியிருப்பேன். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

அப்போது தம்பி பின்னால் ஓர் அடி வைத்தான். பாத்தியில் கால் முழங்கால்வரை புதைந்தது.

“என்னடா இது, இங்க கிணறு வெட்டியிருக்கா?”

செடிகளை விலக்கிப் பார்த்தேன். சுவர் நெடுக மண்ணை வெட்டி எடுத்திருந்தது. மூன்று ஜன்னல்களுக்கும் முன்னால் ஒரு சாண் அகலத்துக்குப் பள்ளம். அடியில் கூழாங்கல் கொட்டியிருந்தது. மேலே குச்சிகளைப் பரப்பி, செடிகளை வேரோடு தூக்கி வைத்து, பார்வைக்குத் தெரியாமல் மறைத்திருந்தது. மண் இளகியதால் அப்பாவின் கல் சுவர்ப்பக்கம் சாய்ந்து, நான் நட்ட உயரத்திலிருந்து இறங்கியிருந்தது.

“இது யார் வேலை?” என்றேன்.

“பூனையா இருக்கும் மச்சான்,” என்றார் அவர். “பெரிய பூனை.”

“அண்ணா, விடுங்க,” என்றாள் தங்கை. “அப்புறம் பேசலாம். உள்ள வாங்க.”

“உள்ள எதுக்கு? சாட்சி இங்க நிக்கறாரு. மாப்பிள்ளை சொல்லட்டும். எங்க அப்பா பாத்தியை எதுக்கு வெட்டினீங்க?”

“சின்னப் பள்ளம்தான். தண்ணி ஓடறதுக்கு. நான் கல்லை நேரா வெச்சுடறேன்.”

“எதுக்குன்னு கேட்டேன்.”

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“சொல்லு ரேடியோ,” என்றான் தம்பி. “பஸ் ஸ்டாண்டுல சொல்ற மாதிரி எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. பெரியவர் கேக்கறாருல்ல.”

“சொல்லுங்க,” என்றேன் நானும்.

அவர் குனிந்து கையில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டினார். பிறகு நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, அந்த மைக் குரலில் ஆரம்பித்தார்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கீழ்த்தளத்தின் மூன்று ஜன்னல்களும் அழுகியதற்குக் காரணம், அவற்றின் மேல் ஏற்றப்பட்ட மண். மண்ணை ஏற்றியவர், வீட்டின் பெரியவர். தடங்கலுக்கு வருந்துகிறோம்.”

முதலில் சிரித்தது கடைக்காரர். பிறகு தம்பி. என் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் தோள் குலுங்கியது. தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

நான் குரலை உயர்த்தவில்லை. எங்கள் வீட்டில் யாரும் உயர்த்துவதில்லை.

“நல்லா சொன்னீங்க மாப்பிள்ளை. இப்ப அந்தக் கூழாங்கல்லை வெளிய எடுங்க. மண்ணைத் திரும்பப் போடுங்க. பழைய உயரத்துக்கு.”

சிரிப்பு நின்றது.

“மச்சான், திரும்பப் போட்டா புது மரமும் போயிடும். மண்ணு ஈரத்தைக் கட்டையில புடிச்சு வெச்சுக்கும். ரெண்டு மழை தாங்காது. நான் தப்பாச் சொல்லியிருந்தா மன்னிச்சுக்கங்க, விளையாட்டுக்குத்தான் சொன்னேன். பள்ளம் மட்டும் இருக்கட்டும். கல்லுக்கு அடியில மேடை கட்டி இன்னும் உசரமாவே தூக்கி வெச்சுத் தரேன்.”

“எங்க அப்பாவுக்கு மேடை நீங்க கட்டித் தர வேணாம். நான் போட்ட மண்ணு நான் போட்ட இடத்துல இருக்கணும்.”

“மரம் போயிடும்னு சொல்றேன்.”

“போகட்டும்.”

தங்கை என் பக்கம் வந்தாள். “அண்ணா, இப்பத்தான் கொஞ்ச நாளா நான் படுத்துத் தூங்கறேன். உங்களுக்கே தெரியும்.”

“உன்னை நான் ஒண்ணும் சொல்லலியே. இருங்கன்னு சொன்ன வார்த்தையை மாத்தவும் இல்ல. ஊசி இறங்கல, நீங்க இருக்கலாம். பாத்தி மட்டும் பழையபடி இருக்கணும்.”

“அப்புறம் என்னத்த இருக்கறது?”

மண்வெட்டியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். பள்ளத்தில் இறங்கி முதலில் கூழாங்கற்களைக் கையால் அள்ளி வெளியே போட்டார். வெட்டுப்பட்ட கையில் மறுபடி ரத்தம் கசிந்து துணி நனைந்தது. தம்பி உதவப் போனான். வேண்டாம் என்று நிறுத்தினேன். பிறகு மண்ணை இழுத்துப் போட்டார். புதுப் பெயின்ட்டின் மேல் மண் விழும் சத்தம் கேட்டது. முதல் ஜன்னலின் அடிச்சட்டம் மறைந்தது. இரண்டாவது மறைந்தது.

“நான் கிளம்பறேனே, கடையில ஆள் இல்ல,” என்றார் கடைக்காரர்.

“சாட்சிக்கு வந்தவர் வேலை முடியறவரைக்கும் இருக்கணும்,” என்றேன். நின்றார்.

தங்கை உள்ளே போய்விட்டாள். அவர் மூன்றாவது ஜன்னலின் அடிச்சட்டத்தையும் மூடினார். போதாது, காலால் மிதித்து இறுக்குங்கள் என்றேன். மரத்தோடு மண் ஒட்டும்வரை மிதித்தார். செடிகளை நட்டார். அப்பாவின் கல்லை நிமிர்த்தினார். நான் தெருவுக்குப் போய் நின்று பார்த்தேன். ஒரு விரல் அளவு குறைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் என்றேன். தூக்கி வைத்தார். அந்த மனிதர் அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முடிந்ததும் மண்வெட்டியைக் குழாயில் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தார்.

தங்கை ஒரு பையோடு வெளியே வந்தாள்.

“எங்க கிளம்பிட்ட?” என்று கேட்டார் அவர். “அதான் இருக்கச் சொல்லிட்டாருல்ல. நான்தான் மண்ணெல்லாம் போட்டுட்டேனே.”

“நீங்க போட்டத ஜன்னல் வழியா பாத்தேன். கால் மட்டும் தெரிஞ்சுது,” என்றாள். “போதும். வாங்க.”

“எங்க போறது?”

“மண்ணுக்கு மேல எங்கயாவது.”

என் மனைவி அவள் கையைப் பிடித்தாள். அவள் மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

“நான் போகச் சொல்லல,” என்றேன்.

“தெரியும் அண்ணா. அதையும் எல்லார்கிட்டயும் மறக்காம சொல்லுங்க.”

வாசல்வரை போனார்கள். அங்கே நின்று அவள் மூச்சு வாங்கினாள். அவர் பையை வாங்கிக்கொண்டு, அவள் முதுகில் கை வைத்து, அவள் நடக்க ஆரம்பிக்கும்வரை காத்திருந்தார். யாரும் ஓடிப் போய்க் கூப்பிடவில்லை. நான் இருக்கும்போது கூப்பிட மாட்டார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறார்கள் என்று தம்பி சொன்னான். அவன் போய்ப் பார்க்கிறான் என்பது எனக்குத் தெரியும். நாள் முழுக்க அவர் குரல் அந்த அறைக்குள் கேட்கிறதாம். தங்கைக்கு இழுப்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. நான் அந்தப் பக்கமாகப் போவதில்லை. ஊருக்குப் போக வேண்டுமென்றால் ரயிலில் போகிறேன்.

மாப்பிள்ளைக்கு வேலை தெரியவில்லை, ஜன்னல் ஒழுகியது, அதனால்தான் துரத்திவிட்டார்கள் என்று சிலர் பேசுகிறார்கள். அது பொய். எங்கள் வீட்டு மாப்பிள்ளை செய்த வேலை சுத்தமான வேலை. ஊசி இறங்கவில்லை. நான் என் வாயால் ‘சரி’ சொன்னேன். துரத்தவும் இல்லை.

பெயின்ட் கடைக்காரர் பரப்பும் இன்னொரு கதையும் காதுக்கு வந்தது. அவர்கள் போன பிறகு எனக்கு மனசு கேட்காமல், யாரும் பார்க்காத நேரத்தில் நானே மண்வெட்டியோடு இறங்கிச் சுவரை ஒட்டிய மண்ணையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டேனாம்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மண்ணில் ஒரு பிடி கூட நான் எடுக்கவில்லை. மழைக்குப் பிறகு குத்தூசி இறங்கியது. ஜன்னல்களைத்தான் எடுத்தேன். மூன்று இடத்தையும் செங்கல் வைத்து அடைத்துப் பூசியாயிற்று.